க்ளூனி மியூசியத்தில் ஒரு கல்யாண மோதிரம்

பாரிஸுக்குப் போய், இடைக்காலக் கலைப்பொருள்கள் இருக்கிற க்ளூனி மியூசியத்தில் நுழைகிற நம் மொரீஷியஸ்காரர்கள் பெரும்பாலும் அந்த ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அங்கே முதலில் தேடிப் பார்க்க வேண்டியது ஒரு மோதிரம்.

கிழக்கு பிரான்ஸில் இருக்கிற கொல்மார் ஊரின் யூதர் தெருவில் 1863-இல் ஒரு வீட்டுச் சுவரைப் பெயர்த்தபோது, நாணயங்கள், நகைகளோடு உள்ளே கிடைத்தது. 1348, 1349 வாக்கில் ஐரோப்பா முழுக்கக் கொள்ளைநோய். யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று பழி போட்டு ஊர் ஊராக அவர்களை உயிரோடு எரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஏதோ ஒரு குடும்பம், தலை தப்பினால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இவற்றைச் சுவருக்குள் வைத்திருக்க வேண்டும். யாரும் வந்து எடுக்கவில்லை.

மோதிரத்தின் மேல் கல் கிடையாது, ஒரு குட்டி வீடு இருக்கிறது! ஆறு பக்கக் கூரை, பக்கத்துக்கு ஓர் எழுத்தாக எபிரேயத்தில் கல்யாண வாழ்த்து. நம் வீட்டுப் பெண்களின் தாலியைப் போல அதுவும் ஒருத்திக்கு உயிராக இருந்திருக்கும், அந்த நினைப்பிலேயே கண்ணாடிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

அதே மியூசியத்தில் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரப் பேராலயத்தின் தங்கப் பலிபீட முகப்பு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு வேலை, பேரரசர் இரண்டாம் ஹென்றி கொடுத்தது. வளைவுகளுக்குக் கீழே ஐந்து உருவங்கள், நடுவில் இயேசு, அவர் காலடியில் விரலளவில் ராஜாவும் ராணியும் குனிந்து கிடக்கிறார்கள். கைவேலை பிரமாதம். ஆனால் 1349 ஜனவரியில் பாஸலிலும் யூதர்களை எரித்தார்கள், அப்போது இந்தத் தங்கம் அந்தப் பேராலயத்துச் சொத்தாகத்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தத் தங்கத்தை வெறும் அழகு என்று மட்டும் ரசிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பாரிஸின் நோத்ர தாம் பேராலய முகப்பிலிருந்து வந்த 21 கல் தலைகள். பிரெஞ்சு ராஜாக்கள் என்று நினைத்து 1793-இல் புரட்சிக்காரர்கள் சிலைகளை இறக்கித் தலையை வெட்டினார்கள், 1977-இல் மண்ணுக்கடியில் கிடைத்தன. உண்மையில் அவர்கள் பைபிளில் வரும் யூதா நாட்டு அரசர்கள், இயேசுவின் தாய் மரியாளின் முன்னோர்கள். அவர்களை வாசலுக்கு மேலே வரிசையாக நிறுத்தி வணங்கிய நகரத்திலிருந்துதான் 1306-இல் அரசர் நான்காம் பிலிப் யூதர்களைத் துரத்தினார். செத்துப்போன யூத ராஜாவுக்கு மரியாதை, பக்கத்துத் தெரு யூதருக்கு ஊரில் இடமில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாரிஸ் வரைக்கும் போக முடியாவிட்டாலும், போ பாஸின் பக்கம் இருப்பவர்கள் செயின்ட் மார்ட்டின் கல்லறைக்குப் போகலாம். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த சுமார் 1,580 யூதர்களைப் பாலஸ்தீனத்துக்குள் விடாமல் பிரிட்டிஷார் 1940 டிசம்பரில் இங்கே கொண்டுவந்து 1945 வரை போ பாஸின் சிறையில் அடைத்து வைத்தார்கள், அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கேயே இறந்தார்கள். கல்லறையை ஒட்டி ஒரு சின்ன மியூசியமும் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.