மூன்றாவது ஆள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை சமாதிக்குப் பூ வைத்துவிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று. லெனேசியாவில் நான் தங்கியிருந்த வீட்டு மாமாதான் வண்டி ஓட்டினார். எழுபதைத் தாண்டியவர், தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

"ஹில்ப்ரோ பக்கந்தான், காட்டுறேன். போனை உள்ளே வை."

எந்தப் பக்கம் திரும்பினாலும் 269 மீட்டர் ஹில்ப்ரோ கோபுரம் கூடவே வந்தது. பிரிட்டோரியா தெருவும் ட்விஸ்ட் தெருவும் சேரும் முனையில் வேகத்தைக் குறைத்தார். நடைபாதையில் ஒரு அம்மா தக்காளியைக் கூறு கட்டி வைத்திருந்தார், அசல் நம்மூர்ச் சந்தை.

"இங்கதான் ஸ்கைலைன்னு ஒரு மது பார் இருந்துச்சு. தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடுற இடம்."

நிறவெறிக் காலத்தில் ஹில்ப்ரோ சட்டப்படி வெள்ளையர் பகுதி. ஆனால் அடுக்குமாடிகளும் நெரிசலுமாக, யாரும் யாரையும் விசாரிக்காத இடம். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு அது போதுமே! 1980-களில் கறுப்பரும் இந்தியரும் சட்டத்தை மீறிக் குடிவந்தார்கள். ஸ்கைலைன் கூட்டமும் நிறம் மாறியது.

அந்தக் காலத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1966-ல் ஃபாரஸ்ட் டவுனில் ஒரு வீட்டு விருந்துக்குள் போலீஸ் புகுந்தது. அதன் விளைவாக 1969-ல் வந்த திருத்தம், 'விருந்தில்' ஆணும் ஆணும் நெருங்குவதையே குற்றமாக்கியது. விருந்து என்றால் என்ன? இரண்டு பேருக்கு மேல் இருக்கும் எந்த இடமும்! பிறகு ஒரு வழக்கு: குளியல் விடுதி அறைக்குள் போலீஸ் அதிகாரி நுழைந்து விளக்கைப் போட, உள்ளே இருந்த இருவரும் துள்ளி விலகினார்கள். இது விருந்தாகாது என்றது நீதிமன்றம்.

மாமா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "போலீஸ்காரனே மூணாவது ஆளு!"

1998-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதையெல்லாம் தூக்கி எறிந்தது. இந்த முனைக்கு இப்போது நிறவெறி எதிர்ப்புப் போராளி சைமன் ன்கோலியின் பெயர். தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தபோதே, தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று தோழர்களிடம் சொன்னவர் அவர். 1990 அக்டோபர் 13 அன்று பிராம்ஃபொன்டைனிலிருந்து கிளம்பிய தன்பாலின ஈர்ப்பாளர்களின் முதல் பெருமித (பிரைட்) ஊர்வலத்தின் முன்னோடிகளில் ஒருவர். அன்று சுமார் 800 பேர் நடந்தார்கள். அடையாளம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சிலர் காகிதப் பையைத் தலையில் மாட்டியிருந்தார்கள்.

"நீங்க பார்த்தீங்களா மாமா?"

"அன்னிக்கு மழை." கியரை மாற்றினார். "நனைஞ்சா அந்தப் பை மூக்குல ஒட்டிக்கும். மூச்சே விட முடியாது."