எஸ்.ஐ. அக்கா வாங்கிய விருது

தருமபுரிக்கு யாரும் கால்பந்து பார்க்கப் போவதில்லை. ஒகேனக்கல் போவார்கள், பரிசல் ஏறுவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், வறுத்த மீனைத் தின்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். நான் போனது நண்பனின் அண்ணனைப் பார்க்க. பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. சார் அவர். மே மாத விடுமுறையிலும் பெண் பிள்ளைகளைக் காலையில் வரவழைத்துப் பந்து பழக்குகிறார், ஒருமுறை வந்து பாருங்கள் என்று ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் முக்கி முனகி ஏறிய பஸ், தருமபுரியில் இறக்கிவிடும்போது நன்றாக இருட்டிவிட்டது. அன்று 2025 மே 2, வெள்ளிக்கிழமை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டு விருதுகளைப் புவனேஸ்வரத்தில் கொடுத்த நாள். லாட்ஜ் அறையில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. தூக்கம் வராமல் போனில் பட்டியலைப் படித்தேன். ஆண்களில் சிறந்த வீரர் கொல்கத்தா கிளப்பான மோகன் பகானின் சுபாஷிஷ் போஸ். பெண்களில் இன்னொரு கொல்கத்தா கிளப்பான ஈஸ்ட் பெங்காலின் சௌம்யா குகுலோத், தெலங்கானாவின் நிஜாமாபாத்காரர். கோல்கீப்பர்களில் விஷால் கைத், பந்தோய் சானு. பயிற்சியாளர்களில் காலித் ஜமீல், கிறிஸ்பின் சேத்ரி.

ஐ.பி.எல்.லில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று டீக்கடையில் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். இந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சொன்னால் "யாருங்க அது?" என்பார்கள். இத்தனைக்கும் சிறந்த வீரர் விருது 1992-லிருந்து இருக்கிறது. ஐ.எம். விஜயன் மூன்று முறை வாங்கினார், சுனில் சேத்ரி ஏழு முறை. கோல்கீப்பர்களுக்கு இது லேசில் கிடைக்காது. 2009-ல் சுப்ரதா பால் வாங்கிய பிறகு, அடுத்த கோல்கீப்பராக குர்பிரீத் சிங் சந்து வாங்க 2019-20 சீசன்வரை ஆனது. பெண்களுக்கு 2001-ல்தான் தொடங்கினார்கள். முதலில் வாங்கியவர் மணிப்பூரின் ஒய்னம் பெம்பெம் தேவி. ஆண்கள் விருதுக்குப் பல ஆண்டுகள் கிளப் பயிற்சியாளர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு அந்த முறை பிடிக்கும். தன் அணியைத் திணறடித்தவன் யார் என்று எதிரணிக் கோச்சுக்குத்தானே நன்றாகத் தெரியும்? ரசிகர்கள் ஓட்டுப் போட்டால் எந்த மாநிலத்தில் போன் அதிகமோ அந்த மாநிலம் ஜெயிக்கும்.

காலை முதல் டவுன் பஸ்ஸில் முக்கால்வாசி தக்காளிக் கூடைகள். பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகிறவை. கண்டக்டர் கூடைகளைத் தாண்டித் தாண்டி வந்து டிக்கெட் கொடுத்தார்.

மைதானம் என்று சொன்னால் மைதானம்தான். செம்மண், நடுவில் கொஞ்சம் சரளை, ஓரத்தில் புளியமரம். கோல் போஸ்டுக்குச் சவுக்குக் கம்பு. வலை ஒரு பக்கம் மட்டும். இருபது பெண் பிள்ளைகள் இருப்பார்கள். பாதிப் பேர் வெறுங்காலில், மீதிப் பேர் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவில். சார் முட்டி போட்டு உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்ப் ஊசியை நாக்கில் ஒருமுறை தொட்டு ஈரமாக்கி, பந்தின் துளைக்குள் மெதுவாகத் திருகினார். காய்ந்த ஊசியைச் செருகினால் வால்வு கிழிந்துவிடுமாம். அந்தப் பந்தில் இரண்டு இடத்தில் செருப்புத் தைக்கிறவர் போட்ட தையல் இருந்தது. காற்றடித்ததும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்றார்.

பிள்ளைகள் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் நான் வாத்தியார் மாதிரி ஆரம்பித்தேன். நேற்று சிறந்த வீரர் விருது யாருக்குத் தெரியுமா? மௌனம். ஒருத்தி "ரொனால்டோ" என்றாள். சுபாஷிஷ் போஸ்? இல்லை. காலித் ஜமீல்? அதுவும் இல்லை. சரி, சுனில் சேத்ரி? இரண்டு கை தூக்கியது. அப்புறம் சார் சிரித்துக்கொண்டே, "இந்துமதி யாருன்னு கேளுங்க" என்றார். கேட்கக்கூட விடவில்லை. "எஸ்.ஐ. அக்கா!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது.

இந்துமதி கதிரேசன், கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் இந்திய அணி வீராங்கனை ஒருவர் சென்னை அண்ணா நகரில் முகக்கவசத்தோடு டியூட்டி பார்த்தார் என்று செய்தி வந்ததே, அவர்தான். 2018-ல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று சாய்த்துத் தமிழ்நாடு முதல்முறையாகப் பெண்கள் தேசியப் பட்டம் வாங்கியபோது அணியில் இருந்தவர். மணிப்பூர், ஒடிசா, ஹரியானா, பஞ்சாப் என்று சுற்றிக்கொண்டிருந்த சிறந்த வீராங்கனை விருது 2023-24 சீசனுக்கு அவர் கைக்கு வந்தது.

அந்தச் செய்தியை சார் பேப்பரிலிருந்து வெட்டி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, விசிலும் பம்பும் இருக்கிற அதே பைக்குள் வைத்திருக்கிறார். மடிப்பில் எழுத்து தேய்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்ட அல்ல, அப்பாக்களுக்குக் காட்டவாம்.

"பத்தாவது முடிச்சா போதும், மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவாங்க சார். சில வீட்டுல அதுக்கு முன்னாடியே. டிராயர் போட்டுக்கிட்டு ஓடுற பொண்ணுன்னு ஊர்ல பேசுவாங்கன்னு வேற பயம். நான் போய் ஒழுக்கம், உடம்பு, தேசம்னு என்ன பேசினாலும் எடுபடாது. இதைக் காட்டினா மட்டும் கையில வாங்கிப் பாப்பாங்க. கோப்பையைப் பாக்க மாட்டாங்க, 'போலீஸ்ல இருக்குதா இந்தப் பொண்ணு?'ன்னுதான் கேப்பாங்க."

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, எஸ்.ஐ. தேர்வில் 10 சதவீதம். அந்த ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாநில அணி, மாநில அணிக்கு மாவட்ட அணி, மாவட்ட அணிக்கு இந்தச் செம்மண். இந்த விருதைத் தொடங்கியவர்கள், பாலக்கோடு பக்கம் ஒரு கல்யாணத்தைத் தள்ளிப்போட இது உதவும் என்று நினைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் இங்கே அந்த விருதுக்கு அந்த வேலைதான்.

நான் இருந்தபோதே ஓர் அப்பா வந்தார். பால் கேனை டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டியபடியே நிறுத்திவிட்டு, மகள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரிடம், "ஏங்க சார், எஸ்.ஐ.க்கு உசரம் எவ்வளவு கேப்பாங்க?" என்றார். பொதுவாகப் பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் என்றார் சார். உடனே அந்தப் பெண்ணைக் கம்பத்தில் சாய்த்து நிற்க வைத்து அளந்தார்கள். 154. ஒன்பதாவதுதானே, இன்னும் வளருவாள் என்று அப்பாவே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கோச் விருது பற்றியும் சாரிடம் கேட்டேன். அவருக்கு அதில் பெரிய மரியாதை. பயிற்சியாளர்களுக்கு அரசு தரும் துரோணாச்சாரியா விருதில் கால்பந்தைத் தேடினால் 1990-ல் சையத் நயீமுதீன். அடுத்த பெயர் வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகி, 2022-ல் பிமல் கோஷ். "அதுக்கு இது எவ்வளவோ தேவலாம், வருஷா வருஷம் ஒரு கோச் பேராவது பேப்பர்ல வருது" என்றார். காலித் ஜமீலுக்கு இது தொடர்ந்து இரண்டாவது வருடம். பெரிய பணம் இல்லாத மிசோரம் கிளப்பான ஐஸ்வாலை 2016-17-ல் இந்திய கிளப்களுக்கான ஐ-லீக் போட்டியில் சாம்பியன் ஆக்கியவர் என்பதால் சாருக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

மதியம் தருமபுரி திரும்பிக் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தேன். ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டை போட்டு மாட்டை மீட்டுச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன செய்தான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். முந்தைய இரவு போனில் படித்த பட்டியலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: வருடம், பெயர், கிளப். என்ன, இந்த ஊரில் அந்தக் காலத்தில் பேர் வாங்க உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒகேனக்கல் போகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், கூட்டமே இருக்காது.

அங்கிருந்து கிருஷ்ணகிரி. மாம்பழக் காலம் தொடங்கியிருந்ததால் சாலையோரம் முழுக்கக் கடைகள். செந்தூரா வாங்குங்கள். பெங்களூரா பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது கூழ் ஆலைக்கும் ஊறுகாய்க்கும்தான் சரி. அணையையும் கோட்டையையும் பற்றி நூறு பேர் எழுதிவிட்டார்கள், நான் வேறு எதற்கு.

ஆகஸ்டில் காலித் ஜமீலை இந்திய அணிக்கே பயிற்சியாளராகப் போட்டார்கள். 13 வருடங்களுக்குப் பிறகு அந்த நாற்காலியில் ஓர் இந்தியர். செய்தி வந்த அன்றைக்கே சார் போன் செய்தார். "பாத்தீங்களா, நம்ம ஆளு!" என்றார். அப்புறம் குரலைத் தணித்து விஷயத்துக்கு வந்தார். மாவட்டப் போட்டிக்கு நாலு நம்பர், அஞ்சு நம்பர் சைஸில் ஸ்டட்ஸ் ஷூ வேண்டும். தருமபுரிக் கடைகளில் ஆறுக்குக் கீழே கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகள் உள்ளே துணி வைத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சேலத்தில் விசாரிக்க முடியுமா? விசாரித்தேன். நாலு நம்பரில் நாலு ஜோடிதான் கிடைத்தது. பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டேன், அஞ்சு நம்பருக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.