ஒரே அளவு தீவனம், நான்கு வேளை

பவானிசாகர் அணைக்குக் கீழே இருந்த ஒரு மீன்குஞ்சுப் பண்ணையில் நான் மேற்பார்வைக்குச் சேர்ந்தபோது, கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதியாகக் கலந்த தூளைக் காலையும் மாலையும் இரண்டு வேளை தூவுவதே அங்கு வழக்கம். நாளுக்கான அளவு எடைபோட்டுக் கொடுக்கப்பட்டதால் குறை எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து வலை இழுத்து ரோகு குஞ்சுகளை அலுமினியக் குண்டானில் அள்ளிப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். ஒரே நாளில் விட்ட குஞ்சுகளில் சில விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்க, பல புளியங்கொட்டை அளவைத் தாண்டவில்லை.

பண்ணையில் பல வருடங்கள் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "கன்னுக்குட்டிக்கு ஒரு நாளுப் பாலை ஒரே நேரத்துல ஊட்ட முடியுங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் உடலியல் உண்மையே இருந்தது. கெண்டை இனத்தைச் சேர்ந்த ரோகு, கட்லா, மிருகால் மூன்றுக்கும் இரையைச் சேர்த்துவைக்க இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குள் போய்விடும். குஞ்சின் குடலோ மிகச் சிறியது, சீக்கிரம் காலியாகிவிடும். இரண்டே வேளை போடும்போது பெரியவை முந்திக்கொண்டு தின்றுவிட, மிஞ்சிய தூளின் சத்து நீரில் கரைந்து வீணாகும். சிறியவை மறுவேளை வரை பட்டினி கிடக்கும்.

பக்கத்துப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டிகள் இரண்டில் ஒரே எண்ணிக்கையில் குஞ்சுகளை விட்டு, ஒரே எடைத் தீவனத்தை ஒன்றில் இரண்டு வேளையாகவும் மற்றொன்றில் நான்கு வேளையாகவும் போட்டுப் பார்த்தோம். நான்கு வேளைத் தொட்டியில் வளர்ச்சி கூடியது மட்டுமல்ல, குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. காங்கயம், அந்தியூர்ப் பக்கமிருந்து வந்து ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில் குஞ்சு வாங்கிப்போகும் விவசாயிகளுக்கு இந்தச் சீர்மைதான் முக்கியம்.

அந்த மகிழ்ச்சியில் நான் ஒரு பிழை செய்தேன். வேளையை ஆறாகக் கூட்டிய நான், ஒவ்வொரு வேளைக்கும் தனியாக எடை போடச் சொல்லவில்லை. கைக்கு ஒரு பிடி கூடிக்கொண்டே போனது. ஐப்பசி மழையில் வானம் மூடியிருந்த ஒரு விடியற்காலையில், குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அடியில் அழுகிய தீவனம் உயிர்வளியைத் தின்றுகொண்டிருந்தது. வெயில் இல்லாததால் பாசியும் போதுமான அளவு உயிர்வளியைத் தரவில்லை. புதுத் தண்ணீர் விட்டும் ஒரு தொட்டிக் குஞ்சுகளில் பாதியை இழந்தோம். வேளையைக் கூட்டினாலும் மொத்த எடையைக் கூட்டக்கூடாது என்பதை அந்த இழப்பின் வழியாகவே கற்றேன். இப்போதும் அது மனத்தை உறுத்துகிறது.

பிறகு ஒவ்வொரு தொட்டியிலும் கயிற்றில் கட்டிய தட்டு ஒன்றை இறக்கினோம். அரை மணி நேரம் கழித்துத் தூக்கும்போது தட்டில் மாவு வழவழப்பாகப் படிந்திருந்தால், அடுத்த வேளை குறையும். உயிர்வளி மிகக் குறைந்திருக்கும் விடியலில் போடாமல், வெயில் ஏறிய பின்பே முதல் வேளையைத் தொடங்கினோம். மார்கழிக் குளிரில் குஞ்சுகளின் பசி மந்தமாகும்போது அளவையும் குறைத்தோம். விரலளவைத் தாண்டி வளர்ந்தவற்றுக்கு இரண்டு வேளையே போதுமானதாக இருந்தது.

பகல் ஒரு மணி வேளைக்கு யார் வருவது என்பதுதான் கடைசிவரை சிக்கலாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தை விட்டு வந்த அக்காவுக்குத் தனிக்கூலி தர நிர்வாகம் முதலில் ஒப்பவில்லை. இரண்டு தொட்டிக் குஞ்சுகளையும் இரண்டு குண்டான்களில் அள்ளி அவர்கள் மேசைமேல் வைத்த அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள்.