கம்யூனிட்டி காலேஜில் ஆட்சியியல் படிக்கிறேன்

டெக்சாஸில் அரசுக் கல்லூரி எதில் இளநிலைப் பட்டம் வாங்கினாலும் ஆட்சியியலில் 6 கிரெடிட் கட்டாயம், அதைக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்றுதான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இப்போது விட மனசில்லை. மாநில அரசியலமைப்பு 1876இல் வந்தது, 500 தடவைக்கு மேல் திருத்தியிருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர்! டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வரும் நர்ஸ் ஒருவர், "அப்போ என்னை மாதிரி ஆள் எப்படித் தேர்தலில் நிற்பது?" என்று கேட்டார். அன்றைக்கு முழு வகுப்பும் அந்தக் கேள்வியிலேயே போனது.

இரண்டு வருடம் முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டத்தை முடிக்கலாம், அப்புறம் சட்டக் கல்லூரி, சட்டமன்ற உறுப்பினர் அலுவலக வேலை, நகராட்சி வேலை என்று வழிகள் உண்டு. எனக்கு நகராட்சி பட்ஜெட் பக்கம்தான் ஆசை.