புரஸ்டேட் ஒப்பரேசனுக்கு முன் காப்புறுதிப் பத்திரத்தை விரித்துப் பாருங்கள்

ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பியான புரஸ்டேட் வீங்கித் தொல்லை தரத் தொடங்கும் வயதும் கம்பனிக் காப்புறுதி முடியும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் தனியார் துறையில் 60 வயதுவரை வேலையில் இருக்கலாம். பெரும்பாலான கம்பனிக் கூட்டுக் காப்புறுதிகள் வேலை முடியும் நாளோடு நின்றுவிடும். 59 வயதில் டொக்டர் ஒப்பரேசன் தேவை என்று சொல்லியிருந்தால், ஓய்வு பெற்றபின் ஆறுதலாகச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓய்வுக்குப் பிறகு புதிதாக எடுக்கும் பத்திரத்தில் இது ஏற்கனவே இருந்த நோய் ஆகிவிடும்.

பணம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டில் உள்ள ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது. வாட்டில் சின்ன டொக்டர் "சலம் போவதில் எவ்வளவு காலமாகக் கரைச்சல்?" என்று கேட்பார். "அது அஞ்சாறு வருசமா இருக்கு" என்று ஐயா சாதாரணமாகச் சொல்வார். அதுவே காட்டில் ஏறும். பத்திரம் எடுத்து மூன்று வருடம்தான் என்றால் கம்பனி மறுக்க அந்த வரி போதும். பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் பத்திரமே செல்லாமல் போகலாம். ஆனால் இரவில் ஒருமுறை எழும்புவது வேறு, சலம் முக்கிப் போவது வேறு, நோய் என்று முதன்முதல் கண்டுபிடித்த திகதி வேறு. இவற்றை கிளினிக் கொப்பியைப் பார்த்து, பிரித்துச் சொல்லுங்கள். பத்திரம் எடுக்கும்போதே மாத்திரை பாவித்தவர் அதை முன்மொழிவுப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். முகவர் "அதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது.

அடுத்தது ஒப்பரேசனின் பெயர். வழமையாகச் செய்வது ரீ.யூ.ஆர்.பி, சலவழியால் கருவியை விட்டுச் சுரப்பியைச் சீவி எடுப்பது. 80 மில்லிலீற்றருக்கு மேல் பருத்த சுரப்பி என்றால் வயிற்றைத் திறந்தோ லேசரினாலோ எடுப்பார்கள். சில பத்திரங்களில் சத்திரசிகிச்சைகளுக்கு ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீதம். 300,000 ரூபா உச்சவரம்பில் அந்த ஒப்பரேசனுக்கு 40 வீதம் என்றிருந்தால் கைக்கு வருவது 120,000தான். கமராவை விட்டுப் பார்ப்பது மட்டும் சிறு சிகிச்சைப் பட்டியலில் இருக்கும். காட்டில் இரண்டும் எழுதியிருந்தால், கிளெய்ம் படிவத்தில் ரீ.யூ.ஆர்.பியை முதலில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். நீராவி, கிளிப் போன்ற புதிய முறைகளுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அட்டவணையில் இல்லாததற்குப் பணம் கேட்பது வீண் அலைச்சல்.

சலம் அடைத்து இரவோடிரவாக ஓடி, கதீற்றர் என்ற சலக்குழாய் போட்டு விடிய முன் வீட்டுக்கு வந்தால், பல பத்திரங்கள் அதை ஆஸ்பத்திரி அனுமதி என்று கணக்கெடுப்பதில்லை. ஓர் இரவாவது தங்கியிருக்க வேண்டும். ஸ்கான், பி.எஸ்.ஏ என்ற இரத்தப் பரிசோதனை, சல வேகப் பரிசோதனை எல்லாம் வெளிநோயாளர் செலவு. அனுமதிக்கு முந்திய செலவும் சேரும் என்று பத்திரம் சொன்னால் மட்டுமே திரும்ப வரும். பணம் வராவிட்டாலும் அந்த ரிப்போட்டுகளை எறியாதீர்கள். சலம் போனபின் பையில் எஞ்சிய சலத்தின் அளவும், வேகம் செக்கனுக்கு 10 மில்லிலீற்றருக்குக் குறைந்ததும், ஆறு மாதம் மாத்திரை எடுத்தும் சரிவரவில்லை என்பதும்தான் ஒப்பரேசன் தேவை என்பதற்குச் சாட்சி.

அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்தால் செலவில்லை, ஆகவே காப்புறுதியும் இல்லை என்று நம் ஊரில் பலர் விட்டுவிடுகிறார்கள். அது பிழை. பல பத்திரங்களில் தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை உண்டு. அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியிலும் உண்டு. பில் தேவையில்லை, காட்டில் அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் தெளிவாக இருந்தால் சரி.

சீவி எடுத்த சதையைப் பரிசோதிக்கும் ரிப்போட் வரச் சில கிழமைகள் ஆகலாம். அதற்காகக் காத்திருந்து கிளெய்ம் தவணையைத் தவற விடாதீர்கள். "ரிப்போட் பின்னர் தரப்படும்" என்று எழுதி மற்றவற்றைக் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு. அந்த ரிப்போட்டில் தற்செயலாகப் புற்றுநோய் தெரிந்தால், கொடிய நோய்க்கான மேலதிகப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். ரீ1ஏ, ரீ1பி என்ற ஆரம்ப நிலைகளைப் பல பத்திரங்கள் விலக்கி வைத்திருக்கின்றன.

மறுத்தால் எந்த வாசகத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். கம்பனிக்குள் முறையிட்டும் தீராவிட்டால் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

கொழும்பில் செய்துவிட்டு நம் திருகோணமலைக்கு வருபவர்களுக்கு இன்னொன்று. இரண்டாம் கிழமையளவில் காயத்தின் பொருக்கு உதிரும்போது மீண்டும் இரத்தம் வரலாம். கட்டி கட்டியாக வந்து சலம் அடைத்தால் கொழும்புக்கு வாகனம் தேடாமல் உடனே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காட்டின் பிரதி கையில் இருக்கட்டும். அந்த அனுமதிக்கும் தனிக் காட் கேட்டு வாங்குங்கள். சில பத்திரங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் வரும் இரண்டு அனுமதியையும் ஒன்றாகவே கணக்கெடுக்கும், ஆனாலும் தங்கிய இரவுகளுக்கான பணத்தைக் கேட்க அந்தக் காட் வேண்டும்.