அப்பாவின் மாருதி 800-க்கு எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றிய கதை

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல ஒரு படலம். விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டியது. உள்ளே இரும்பு இரும்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறம். எஞ்சினுக்குள் படிந்த கசடைக் கழுவும் திரவமான ‘எஞ்சின் ஃப்ளஷ்’ பற்றி அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தேட ஆரம்பித்தேன்.

வண்டி 2007-இல் அப்பா வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 2022-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவைப் புதுப்பித்தோம். அந்த ஏப்ரலில்தான் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருந்தது. பணம் கட்டும்போது அப்பா, “இந்த வண்டிக்கு இதுவே ஜாஸ்தி” என்றார். ஆனால் விற்கவும் மனசில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட, சாவி என் கைக்கு வந்தது. அப்போது மீட்டரில் 48,000 கிலோமீட்டர்தான்.

“இவ்வளவு கம்மியா ஓடின வண்டி, எஞ்சின் புதுசு மாதிரி இருக்கும்” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். உண்மை நேர் எதிர். அப்பா ஓட்டியது வீட்டிலிருந்து உழவர் சந்தை, அங்கிருந்து கோயில், திரும்ப வீடு. மொத்தமே நாலு கிலோமீட்டர். எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவார். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். நீண்ட தூரம் ஓட்டினால் சூட்டில் அது ஆவியாகிப் போய்விடும். இல்லாவிட்டால் அங்கேயே தங்கி, ஆயிலோடு சேர்ந்து கசடாகிவிடும். போதாததற்கு, “கிலோமீட்டரே ஓடலையே, எதுக்குடா ஆயில் மாத்தணும்?” என்று மூன்று வருடமாக அதே ஆயிலில் ஓட்டியிருக்கிறார். ஆயிலுக்குக் கிலோமீட்டர் மட்டுமில்லை, காலக் கணக்கும் உண்டு என்பது அப்பாவிடம் எடுபடவில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக் டிக்’ என்று, எஞ்சினின் வால்வுகளை இயக்கும் பகுதியிலிருந்து டேப்பெட் சத்தம். உண்மையில் நான் மூடியைத் திறந்து பார்த்ததே அந்தச் சத்தத்தால்தான். ஃப்ளஷ் ஊற்றினால் சத்தம் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன்.

கடையில் போய் “எஞ்சின் கிளீனர் கொடுங்க” என்றேன். பையன் ஒரு டப்பாவைக் கொடுத்தான். நல்லவேளை, வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தேன்: அது பெட்ரோல் டேங்கில் ஊற்றுவது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும். ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால், இன்னொரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் காட்டினான். அது பானெட்டைத் திறந்து எஞ்சினின் வெளிப்பக்க அழுக்கைக் கழுவ. மூன்றுமே கடைக்காரருக்கு ‘எஞ்சின் கிளீனர்’தான். நான் கேட்டது மூன்றாவது: பழைய ஆயிலிலேயே ஊற்றி, பத்து நிமிடம் ஓட விட்டு, ஆயிலோடு சேர்த்து வெளியே எடுத்துவிடுவது. 300 மில்லி டப்பா. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டு வண்டியைக் கெடுத்தவர்கள் எத்தனை பேரோ.

ஊற்றுவதற்கு முன் எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். முப்பது வருடமாக 800 மட்டுமே பார்த்தவர் போல அந்த வண்டியைப் பேசுவார். மூடியைத் திறந்து பார்த்தார், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று கேட்டார். மூடிக்கு அடியில் வெள்ளையாக மோர் மாதிரி திரண்டிருந்து, தண்ணீரும் குறைந்தால், ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு எந்த டப்பாவும் மருந்து இல்லை. எனக்குத் தண்ணீர் குறையவில்லை. ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் வரவில்லை.

“ஊத்தறதுன்னா ஊத்துங்க தம்பி. ஆனா ஒண்ணு, டேப்பெட் சத்தம் இதுல போகாதுங்க. இந்த வண்டில அது ஸ்குரூ வெச்சு அட்ஜஸ்ட் பண்றது. கேப் அதிகமானா சத்தம் வரும். அழுக்கு காரணமில்ல.”

சரி, அப்போது ஏன் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், முன்பெல்லாம் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவியதைச் சொன்னார். அதில் சில எஞ்சின்கள் உட்கார்ந்ததையும் சொன்னார். டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்தான், கூடவே அழுக்கைக் கரைத்துத் தூக்கி நிறுத்தும் டிடர்ஜென்ட். ஆயிலை இளக்கிவிடும். அதனால் ஊற்றியபின் வண்டியை ஓட்டவே கூடாது, நின்ற இடத்தில் ஐடிலில் மட்டும். அதைவிடப் பெரிய பயம், கெட்டியான கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்துவிடுவது. அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, பேரிங் போகும். உள்ளே கிரீஸ் மாதிரி கட்டிகள் இருந்தால் ஃப்ளஷ் பக்கமே போகக் கூடாது, சம்ப்பைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். என் வண்டியில் இருந்தது படலம்தான், கட்டி இல்லை. அதுதான் எனக்குப் பச்சைக்கொடி.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை வைத்துக்கொண்டேன். 20டபிள்யூ40 ரக ஆயில் மூன்று லிட்டர் கேன், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், ஒரு பழைய பேசின், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வாங்கும் காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் வேலையை ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

முதலில் வண்டியைக் கோவை அவினாசி ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினேன். திரும்பி வந்து ஷெட்டுக்குள் விடாமல் வெளியே சமதளத்தில் நிறுத்தினேன். மூடிய ஷெட்டில் பத்து நிமிடம் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். டப்பாவில் ‘5 லிட்டர் ஆயில் வரை’ என்று போட்டிருந்தது. என் எஞ்சின் மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடும். முழு டப்பாவையும் கவிழ்த்தால் ஆயில் தேவைக்கு மேல் இளகிவிடும். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 60 மில்லி. பேத்தியின் மருந்துக் குப்பியோடு வந்த அளவுக் கிண்ணத்தை அம்மாவிடம் கேட்டு வாங்கி, 180 மில்லி அளந்து ஊற்றினேன். (கிண்ணம் திரும்பப் போகவில்லை. அதற்கு இன்றுவரை பேச்சு வாங்குகிறேன்.)

ஸ்டார்ட் செய்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏ.சி. ஆஃப், ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறாவது நிமிடம் அப்பா வந்து நின்று, “சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கே” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டாவது நிமிடம் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு ஒரு தரம் மினுக்கி அணைந்தது.

வயிற்றைக் கலக்கியது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். டப்பாவில் பத்து நிமிடம் என்றுதான் போட்டிருந்தது, இரண்டு நிமிடம் பாக்கி. ஆனால் அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்வது. சூட்டில் ஏற்கெனவே இளகிய ஆயில், அதில் இன்னும் இளக்கும் திரவம், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஐடில் வேகம். அழுத்தம் இறங்கத்தான் செய்யும். அது வெறும் இளக்கமா, இல்லை ஸ்ட்ரெய்னர் அடைக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது அணைத்துவிடுவதுதான் சரி. பாக்கி இரண்டு நிமிடத்தை நான் ஓட்டவே இல்லை.

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். கடைசிச் சுற்றைக் கையால் சுற்றும்போது போல்ட் நழுவிப் பேசினுக்குள் விழுந்தது. சுடச்சுட ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. கையுறை போட்டிருந்தும் இரண்டு நாள் எரிச்சல். வெளியே வந்தது ஆயில் மாதிரியே இல்லை. தண்ணீர் போல ஓடியது, தார் நிறம். சொட்டு நிற்கும் வரை முக்கால் மணி நேரம் விட்டேன். உள்ளே தங்குகிற ஃப்ளஷ் புது ஆயிலையும் இளக்கும் என்பதால் இதில் மட்டும் அவசரப்படவில்லை.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வரவில்லை! எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டியிருந்தால் இரண்டு வளையமாகி, ஸ்டார்ட் செய்த நிமிடமே ஆயில் முழுவதும் தரையில் கொட்டியிருக்கும். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயிலைத் தடவி, உள்ளேயும் கொஞ்சம் ஊற்றி, கையாலேயே இறுக்கினேன்.

பழைய ஃபில்டரைச் சும்மா போட மனசு வரவில்லை. ஆக்ஸா பிளேடால் சுற்றி அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தேன். மடிப்புகளுக்கிடையே மை போலக் கருப்புச் சேறு. காந்தத்தை மேலே ஓட்டினேன், இரும்புத் தூள் எதுவும் ஒட்டவில்லை. அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த உண்மையான நிம்மதி அதுதான்.

புது ஆயிலை டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றினேன், கேனில் கொஞ்சம் மிஞ்சியது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு இரண்டு மூன்று விநாடியில் அணைந்தது. அப்புறம் சூடானபின் ஐடிலில் கால் மணி நேரம் விட்டேன், மினுக்கவில்லை.

டேப்பெட் சத்தம்? அப்படியே இருந்தது. ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னபடியே.

கழிவு ஆயிலைப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கட்டைக்குக் கரையான் வராமல் பூசக் கேட்டார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மழையில் அது மண்ணுக்குள் இறங்கும் என்பதையும், எங்கள் இரண்டு வீட்டு போர்வெல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். பயன்படுத்திய ஆயில் மத்திய அரசின் 2016 கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரமான கழிவுக் கணக்கில் வருவது. கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட் கவர் ஓரத்தில் ஆயில் ஈரம். அதுவரை, ஆயில் கசியாமல் தடுக்கும் பழைய பேக்கிங்கின் விரிசலை அழுக்குதான் அடைத்து வைத்திருந்திருக்கிறது. ஃப்ளஷ் அதைக் கழுவிவிட்டது. கடைக்காரர் சொல்லாத செலவு இது. பேக்கிங் மாற்ற அண்ணன் கவரைக் கழற்றியபோதே, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து டேப்பெட்டையும் சரி செய்யச் சொன்னேன். குளிர்ந்த எஞ்சினில் அரை மணி நேர வேலை. சத்தம் போனது. கவர் திறந்திருக்கையில் உள்ளே எட்டிப் பார்த்தேன். வால்வுகளைத் தள்ளும் ராக்கர் ஆர்ம்களில் பாதி இடத்தில் இரும்பு நிறம் தெரிந்தது, மீதி இன்னும் பழுப்பு. அண்ணன், “இதனால ஒண்ணும் தேயாதுங்க, இப்படியே விடுங்க, இனி ஆயிலே கொஞ்சம் கொஞ்சமா கழுவிக்கும்” என்றார். இன்னொரு முறை ஃப்ளஷ் ஊற்றலாமா என்று கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றினேன். மனசுக்கு வலிக்கும் செலவுதான். ஆனால் அந்த 500 கிலோமீட்டரிலேயே ஆயில் கடுங்காப்பி நிறத்துக்குப் போயிருந்தது. அதற்கடுத்து ஊற்றிய ஆயில் 2,000 தாண்டியும் தேன் நிறம் மாறவில்லை. என்னைக் கேட்டால், ஃப்ளஷே இல்லாமல் இப்படி இரண்டு மூன்று முறை சீக்கிரம் சீக்கிரமாக ஆயில் மாற்றியிருந்தாலே பெரும்பாலான அழுக்கு வந்திருக்கும். நேரம் கூடும், பயம் குறையும். மைலேஜ் கூடியதா என்று கேட்கிறார்கள். முன்னால் கொடுத்ததைத்தான் இப்போதும் கொடுக்கிறது.

எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று வாரம் ஒரு முறை வண்டியை நீலாம்பூர் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, கியர் மாற்றுவதில் குறை சொல்லிக்கொண்டே வருவார்.

டப்பாவில் மீதி 120 மில்லி அலமாரியில் இருக்கிறது. மச்சான் தன் பழைய வண்டிக்குக் கேட்டார். முதலில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். இன்னும் அனுப்பவில்லை.