கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

1993ஆம் ஆண்டு. சாதாரணதரப் பரீட்சைக்கு நாங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். முன்னட்டையும் கடைசிப் பக்கங்களும் இல்லாத ஒரு காதல் நாவல் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. புவியியல் கொப்பிக்குப் போடும் மண்ணிற உறையைப் போட்டு, ஒருவருக்கு ஓரிரவு என்ற கணக்கில் அது வீடு வீடாகப் போய்வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் கிடைப்பதற்கு அரிது. படிப்பதற்கென்று அம்மா அளந்து தந்த எண்ணெயில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அதைப் படித்து முடித்தேன். முடித்தேன் என்று எப்படிச் சொல்வது? கதாநாயகி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். அத்தோடு தாள்கள் இல்லை.

அந்த விளக்கின் நினைவை இப்போது எழுப்பியவள் என் மகள். அவளுக்குப் பதினாறு வயது. கனடாவில் நாங்கள் வசிக்கும் ஸ்காபரோவின் மோல்வேர்ன் நூலகத்திலிருந்து அவள் அள்ளிவந்த இளையோர் நாவல்கள் சென்ற குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. என்னதான் படிக்கிறாள் என்று பார்க்கத்தான் முதலில் எடுத்தேன். பிறகு அவள் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, "இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கினேன்.

என்னை மிகவும் ஆட்கொண்டது நிக்கோலா யூன் எழுதிய 'தி சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார்'. 2016இல் வெளிவந்தது. நத்தாஷா ஜமெய்க்காவில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்தவள். அவளுடைய குடும்பம் அன்றிரவே நாடுகடத்தப்பட இருக்கிறது. அதே பகலில் டானியலைச் சந்திக்கிறாள். அவன் கொரியப் பெற்றோரின் மகன், கவிதை எழுதுபவன், வீட்டிலோ அவனை டாக்டராக்கத் துடிக்கிறார்கள். நம்மவர் வீடுகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கதை ஏறக்குறைய ஒரே நாளில் நடந்துவிடுகிறது. ஒரு நாளில் காதல் வருமா என்று கேட்பவர்கள், அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருப்பதே ஒரு நாள்தான் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குடிவரவு அலுவலகத்தின் வாசலில் பைகளைச் சோதிக்கும் காவற்பெண்ணுக்கும் நூலாசிரியர் தனியாகச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். அவளுடைய தனிமையைப் படித்தபோது நூலை மூடிவைத்தேன். 1997இல் அகதி விசாரணைக்காக நான் போன கட்டடத்திலும் ஒருவர் என் கைப்பையைத் திறந்து பார்த்தார். பயத்தில் அவருடைய முகத்தை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவருக்கும் ஒரு வீடும் ஒரு துயரமும் இருந்திருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் எண்ணியதில்லை.

ஜோன் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலில், நுரையீரல் நோயுற்ற ஹேஸல், ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்கின் வீட்டுப் படிகளை மூச்சிரைக்க ஏறும் இடத்துக்காகவே அதை இரண்டு முறை படித்தேன். ஜெனி ஹானின் 'டு ஓல் த போய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்' நாவலில், லாரா ஜீன் என்ற பெண் தான் விரும்பிய ஐந்து பையன்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் தொப்பிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அது இலேசான கதைதான். ஆனால் எனக்கு, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் விட்டுவந்த ஓட்டோகிராப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அதிலும் அனுப்பாத ஒரு கடிதம் இருந்தது.

நமக்கு இப்படியான நூல்கள் இருக்கவில்லை. அம்புலிமாமாவை விட்டு இறங்கினால் அடுத்த படி பெரியவர்களின் நாவல்தான். கல்லூரி நூலகத்தில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இருந்தது. நெடுந்தீவின் கடலும் காற்றும் அதில் உயிரோடு இருந்தன. மூன்று முறை இரவல் எடுத்தேன். ஆனாலும் பதினாறு வயதுப் பெண்ணின் மனத்தை, அவளுடைய படிப்பையும் பயத்தையும் தாய் மீதுள்ள கோபத்தையும் சேர்த்து, அவளுக்கென்றே எழுதிய தமிழ் நாவல் ஒன்றும் அந்த அலுமாரியில் எனக்குக் கிடைக்கவில்லை. கையில் கிடைத்த காதல் கதைகள் சிலவற்றில் கதாநாயகன் கன்னத்தில் அறைவான். அது அன்பின் மிகுதி என்று எழுதியிருக்கும். நாங்களும் நம்பினோம். கதாநாயகனின் கொடுமையைக் காதலென்று அலங்கரிக்கும் நாவல்கள் ஆங்கிலத்தில் இப்போதும் வருகின்றன. அப்படியொன்றை மகள் பாதியிலேயே மூடிவைத்து, "இவனை இவள் ஏன் விட்டுப் போகவில்லை, அம்மா?" என்று கேட்டாள். அவளுடைய வயதில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"பதினாறு வயதில் நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்றும் கேட்டாள். அட்டையில்லாத அந்த நாவலின் கதையைச் சொன்னேன். இடைவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னதையும் சொன்னேன். அவன் வந்தான் என்றோம். வரவில்லை, அவள் ஆசிரியையானாள் என்றாள் ஒருத்தி. உண்மையான முடிவு எதுவென்று மகள் விடாமல் கேட்கிறாள். அந்த ஆண்டு நம் வகுப்பில் இருந்தவர்களில் எவருக்கேனும் நூலின் பெயர் தெரிந்திருந்தால், தயவுசெய்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.